ஒரு வேளைக்கு ஒரு பாக்கெட்

நாற்பத்தைந்து கிலோ. டாக்டர் கேட்டது அவ்வளவுதான்.

"ஆறு வாரம் டைம் தர்றேன். நாப்பத்தஞ்சு கிலோவுக்குக் கொண்டுவாங்க, ஆபரேஷன் பண்ணிரலாம். இந்த உடம்போட டேபிள்ல ஏத்தினா தாங்க மாட்டார்" என்றார். என் வீட்டுக்காரர் அன்றைக்கு நாற்பத்து மூன்று கிலோ இருந்தார். இன்னும் இரண்டே கிலோ. மலைப்பூண்டு மூட்டையை முதுகில் வாங்கி லாரிக்கு ஏற்றிக்கொண்டிருந்த மனுஷருக்கு இரண்டு கிலோ ஒரு பொருட்டா என்று எனக்குத் தைரியம்தான் வந்தது.

உணவுக்குழாயில் கட்டி. எச்சிலை விழுங்குவதற்கே கண்ணில் நீர் வந்துவிடும். அதனால் மதுரை ஆஸ்பத்திரியில் வயிற்றில் துளை போட்டு ஒரு குழாய் வைத்து அனுப்பியிருந்தார்கள். இனி சாப்பாடெல்லாம் அதன் வழியாகத்தான். ஒரு பெரிய சிரிஞ்சை மாட்டி, கரைத்த கஞ்சியை மெதுவாக ஊற்ற வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு வேளை.

சாப்பாட்டு அளவு எழுதிக் கொடுப்பதற்கென்றே அங்கே ஓர் அம்மா இருந்தார். "கிராம் கணக்குல எழுதவா?" என்று கேட்டார். நான்தான் பெரிய இவளாட்டம், "கிராமெல்லாம் எதுக்குங்கம்மா? நாங்க கடை வச்சிருக்கோம். பாக்கெட் கணக்குல சொல்லுங்க, போதும்" என்றேன். என் பையில் இருந்த பத்து ரூபாய் பால்பவுடர் பாக்கெட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். மனதுக்குள் கூட்டிப் பெருக்கி, சீட்டில் எழுதினார்: ஒரு டம்ளர் கேப்பைக் கஞ்சி, ஒரு பாக்கெட் பால்பவுடர், ஒரு ஸ்பூன் எண்ணெய். அந்தச் சீட்டைக் கடையில் சாமி படத்துக்குக் கீழே ஒட்டி வைத்தேன்.

கொடைக்கானலுக்கும் மேலே, கவுஞ்சிப் பக்கம் எங்கள் ஊர். முன்னால் கடை, பின்னால் வீடு. கிராம் சொல்லிக் கேட்டு வாங்குகிறவர் ஒருவரும் இங்கே கிடையாது. பத்து ரூபாய் டீத்தூள், அஞ்சு ரூபாய் பிஸ்கட், பத்து ரூபாய் சோப்பு, அவ்வளவுதான். பேருக்குப் பதில் விலையே பேராகிவிட்டது.

எங்கள் மலைக்கு இன்னொரு குணமும் உண்டு. வத்தலக்குண்டில் வேனில் ஏற்றும்போது துவண்டு கிடக்கிற பாக்கெட், மலைப்பாதை ஏற ஏற உள்ளே இருக்கும் காற்று பெருத்து விம்மிவிடும். எங்கள் ஊருக்கு வந்து சேரும்போது வெடித்துவிடுமோ என்று இருக்கும். சுற்றுலா வருகிறவர்கள் சிப்ஸ் பாக்கெட்டைத் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஊர்க்காரர்கள் கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்கி, "நல்லா நெறஞ்சிருக்கு" என்று வாங்கிப் போவார்கள். உள்ளே காற்று என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தாலும் விரல் நம்பிவிடும். இருபது வருஷமாகக் கடை நடத்துகிற என் விரலும்தான் நம்பியது.

முதல் இரண்டு வாரம் எல்லாம் ஒழுங்காகப் போனது. பூண்டு வாங்கும் வியாபாரியின் கொட்டகையில் மூட்டை நிறுக்கிற பெரிய தராசு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அதில் ஏறி நிற்பார். ஒரு காலத்தில் இவர் மூட்டை போட்ட தராசு. கூட்டாளிகள் சுற்றி நின்று, "ஏலே, மூச்சை இழுத்துப் பிடிக்காதலே, எடை ஏறாது" என்று கேலி செய்வார்கள். இரண்டாவது ஞாயிறு நாற்பத்து நாலு காட்டியது. நான் கடைக்கு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தேன்.

மூன்றாவது ஞாயிறு அதே நாற்பத்து நாலு. நான்காவது ஞாயிறு நாற்பத்து மூன்றேகால்.

அதே கஞ்சி, அதே பாக்கெட், அதே ஆறு வேளை. பிறகு எப்படிக் குறையும்? கடையில் கூட்டம் இருக்கும்போது அவரே ஊற்றிக்கொள்வது வழக்கம். கொல்லையில் துவைக்கிற கல் ஓரமாக வெள்ளையாக ஏதோ காய்ந்து கிடந்ததைப் பார்த்தேன். சிரிஞ்சு கழுவிய தண்ணீராகத்தான் இருக்கும். ஆனால் என் புத்தி அன்றைக்கு வேறு பக்கம் போனது.

"கொட்டிட்டீகளா?" என்றேன்.

"எதை?"

"கஞ்சியை. வயித்த பொரட்டுதுன்னு கல்லுல கொட்டிட்டு, ஊத்திக்கிட்டேன்னு சொல்றீக. அப்படித்தானே?"

"இல்ல புள்ள. சத்தியமா இல்ல." குரலே பாதிதான் வரும் அவருக்கு.

"சாகணும்னு ஆசைன்னா சொல்லிட்டுச் சாவுங்க. நான் எதுக்கு விடிஞ்சதுலேருந்து மாவு கிண்டிச் சாகணும்?"

அப்படியேதான் சொன்னேன். ஒரு எழுத்தைக்கூட மாற்றி எழுத மாட்டேன். அவர் சட்டையைக் கீழே இழுத்துக் குழாயை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

அந்த வாரத்திலேயேதான் கடைக்கு ஒரு பெண் வந்தாள். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பத்தவள். காட்டு வேலைக்குப் போகிற ஆட்களுக்கு டீ போட்டுக் கொண்டுபோகிற வேலை அவளுக்கு. ஐந்து பால்பவுடர் பாக்கெட் வாங்கியவள், போகாமல் நின்றாள்.

"அக்கா, இந்தப் பால்மா முன்ன மாதிரி இல்லக்கா. ஒரு பக்கட்டுல அஞ்சு பேருக்குத் தேத்தண்ணி ஊத்துவேன். இப்ப மூணு பேருக்கே தண்ணியாப் போகுது. என்னமோ கொறைஞ்சிருக்கு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நான் பிரிச்சு அள்ளிட்டு ஒட்டி வச்சிருக்கேன்றியா?"

"ஐயோ, அப்பிடிச் சொல்லலேக்கா..."

"இந்தா, அமுக்கிப் பாரு. கல்லு மாதிரி கெடக்கு. இதுல கொறையாம்ல! பிடிக்கலேன்னா வேற கடை பாத்துக்க."

அவள் ஐந்து பாக்கெட்டையும் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும். இரண்டு வாரம் மிச்சம் இருந்தது. என் கடையைக் குறை சொல்லிவிட்டாள் என்கிற கோபத்தில் அந்த இரண்டு வாரத்தையும் நானே விரட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவரை நம்பி விடவில்லை. ஆறு வேளையும் கடையை அடைத்துவிட்டு நானே ஊற்றினேன். ஒரு சொட்டுக் கீழே போகவில்லை. அப்படியும் ஐந்தாவது ஞாயிறு நாற்பத்து இரண்டரை. தராசைச் சுற்றி நின்றவர்கள் அன்றைக்குக் கேலி பேசவில்லை. ஆளுக்கொரு திசையில் பார்த்தார்கள். நோய்தான் உள்ளே இருந்து தின்கிறது என்று நான் முடிவுக்கு வந்துவிட்டேன். அழுதுகொண்டே கஞ்சி கிண்டினேன்.

ஆறு வாரம் முடிந்து மதுரைக்குப் போனோம். எடை நாற்பத்து இரண்டு. ஸ்கேன் எடுத்தார்கள். அவரைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கட்டி தாண்டிப் பரவிவிட்டது, இனி கத்தி வைப்பதில் பிரயோஜனம் இல்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ள மாத்திரை தருகிறேன் என்றார்.

வெளியே வந்து அவர் இருந்த பெஞ்சுக்குப் போகுமுன்பே, நடையில் சாப்பாட்டுக் கணக்கு அம்மா எதிரே வந்தார். சீட்டைப் பார்த்தார், எடையைப் பார்த்தார். "இவ்வளவு குடுத்தா குறையாதேம்மா. சரியாத்தான் குடுத்தீங்களா?" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. நீங்கள் எழுதிய அதே பாக்கெட்தான் என்று காட்ட, பைக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்தேன்.

காலையில் வீட்டில் வைத்தபோது விம்மிக்கொண்டிருந்த பாக்கெட். மதுரையில் என் கையில் அது சப்பிப்போய்க் கிடந்தது. மேல்பாதி வெறும் தாள். கீழே ஓரமாகக் கொஞ்சம் மாவு.

அந்த அம்மா வாங்கித் திருப்பினார். அதே படம், அதே நிறம், அதே பத்து ரூபாய். மூலையில், எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு எண். "இது நான் பார்த்த பாக்கெட் இல்லம்மா. மூணுல ஒரு பங்கு குறைச்சிட்டாங்க" என்றார்.

நான் திரும்பவும் டாக்டரிடம் ஓடினேன். "எடை ஏறியிருந்தா காப்பாத்தியிருக்கலாமா, சார்?" என்று கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாதும்மா" என்றார். சரி, ஏறியிருந்தாலும் இதேதானா என்று கேட்டேன். "அப்படியும் சொல்ல முடியாது" என்றார். அந்த இரண்டு பதிலையும் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பெஞ்சில் இருந்தவரிடம், எடை பத்தாதாம், ஏற்றிக்கொண்டு வரச் சொல்கிறார்கள் என்று மட்டும் சொல்லிக் கூட்டிவந்தேன்.

மறுநாள் கடையைத் திறந்ததும் ஒவ்வொன்றாகத் திருப்பினேன். டீத்தூள், பிஸ்கட், சோப்பு, எண்ணெய். ஒரு லிட்டர் என்று இத்தனை நாள் நான் விற்ற எண்ணெய், லிட்டரே இல்லை. எல்லாம் அச்சடித்துத்தான் இருந்தது. யாரும் ஒளிக்கவில்லை. எனக்குப் படிக்கத் தெரியாதா? பன்னிரண்டாவது வரை படித்தவள். அதுதான் என்னைக் கொல்கிறது. சரக்குப் போட வந்த ஏஜென்சி ஆளின் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கத்தினேன். அந்த ஆள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பன்னெண்டு ரூபான்னு போட்டா உங்க ஊர்ல யாருக்கா வாங்குவா? நீங்களே மொத ஆளா சண்டைக்கு வருவீங்க" என்றார். வந்திருப்பேன். அதையும் மறுக்க வழியில்லை.

அந்தப் பெண் இப்போது கீழ்க் கடையில்தான் வாங்குகிறாள். என் கடையைத் தாண்டிப் போகும்போது தலையைக் குனிந்துகொள்கிறாள். குனிய வேண்டியவள் நான்.

என் வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் பேச்சை எடுத்தேன். பழைய பாக்கெட் ஒன்று அலமாரிச் சந்தில் கிடைத்தது. அதையும் புதியதையும் இரண்டு டம்ளரில் கொட்டி அவர் முன்னால் வைத்தேன். "நீங்க கொட்டலைங்க. பாக்கெட்டுதான் கொறஞ்சு போச்சு. நான்தான் பாவி, வாய்க்கு வந்தத பேசிட்டேன்" என்றேன்.

அவர் இரண்டு டம்ளரையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு முகம் அப்படியே மலர்ந்தது. குழாய் வைத்த நாளிலிருந்து நான் பார்க்காத முகம்.

"அப்ப நோயி இல்லையா புள்ள? பாக்கெட்டுதானா?"

நான் டம்ளர்களை ஓரமாக நகர்த்தினேன்.

"நான் உள்ளுக்குள்ள என்னமோ என்னையத் தின்னுதுன்னுல்ல நெனச்சேன். நீ சொன்னதுக்குப் பெறகு, நம்மளே தெரியாம கொட்டிட்டமோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. இப்பத்தான் நிம்மதி. ரெண்டு பாக்கெட்டா ஊத்து. நாப்பத்தஞ்சு என்ன, அம்பதே ஏத்திக் காட்டுறேன் அந்த டாக்டருக்கு."

டாக்டர் சொன்னதை அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் இரண்டாவது பாக்கெட்டைக் கிழித்தேன்.

அதிலிருந்து வெள்ளனே எழுந்து, சட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். "வெரசா ஊத்து புள்ள" என்கிறார். குமட்டினாலும் பல்லைக் கடித்துத் தாங்கிக்கொள்கிறார். முதல் வாரம் நாற்பத்து இரண்டரை, பிறகு நாற்பத்து மூன்று. தராசுக்கு என்னைத் துணைக்குக்கூட அழைப்பதில்லை. போன ஞாயிறு தூரத்திலிருந்தே விரலை ஆட்டிக்கொண்டு வந்தார். நாற்பத்து நாலே முக்கால். பின்னால் அவருடைய கூட்டாளிகள் கைதட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கும் நான் எதுவும் சொல்லவில்லை.

"கால் கிலோதான். வர்ற ஞாயித்துக்கெழம ஏறிரும். திங்கக்கெழம மொத பஸ்ஸுல மதுரைக்குக் கெளம்பிருவோம். துணியெல்லாம் எடுத்து வச்சிரு" என்றார்.

அந்தப் பெஞ்சு என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. நாற்பத்தைந்து ஆகிவிட்டேன் சார் என்று அவர் சிரித்துக்கொண்டு உள்ளே போவதும், டாக்டர் என்னைத் திரும்பிப் பார்ப்பதும்.

இன்றைக்குக் காலை கஞ்சி கரைக்கும்போது இரண்டு பாக்கெட்டையும் கிழித்தேன். ஒன்றை முழுசாகக் கொட்டினேன். இன்னொன்றில் கால்வாசியைக் கொட்டியதும் கை நின்றுவிட்டது. மீதியை மடித்து முந்தானைக்குள் செருகிக்கொண்டேன். ஊரெல்லாம் கேட்கக் கம்பெனிக்காரனைத் திட்டியவளின் கைதான் இது. சிரிஞ்சை மாட்டி ஊற்ற ஆரம்பித்தேன். அவர் கஞ்சி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் தண்ணியா இருக்கே. ரெண்டும் போட்டியா புள்ள?"

போட்டேன் என்றேன்.