கரண்ட் போன பிறகும் கேட்ட விசில்

ஐஸ் ஆலையின் ஃபிட்டருக்குப் பாம்புச்செவியார் என்று பட்டப்பெயர். பக்கத்துத் தெருவில் கொசு தும்மினால் எந்த வீட்டுக் கொசு என்று சொல்லிவிடுவார் என்பார்கள். அதில் பாதியாவது உண்மை. ஸ்க்ரூடிரைவர் நுனியைக் கம்ப்ரஸர்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் அழுத்தி, உள்ளே எந்தப் பேரிங் முனகுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் பிழைப்பு.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒருநாள் மெல்லிய விசில் கேட்டது. கம்ப்ரஸரைப் பிரித்தார். பேரிங் புதுமாப்பிள்ளை மாதிரி மினுங்கியது. பூட்டினார், விசில். மறுபடி பிரித்தார். கூட வேலை பார்க்கும் மைத்துனன் சிரிப்பை விழுங்கிக்கொண்டான். ஐஸ் எல்லாம் தண்ணீராய் ஓட, முதலாளியம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். இன்னொரு தடவை காரணமில்லாமல் பிரித்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. விசில் வீட்டுக்கும் வந்தது. ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினார், ஃபேனை நிறுத்தினார், கடைசியில் பக்கத்து வீட்டு மோட்டார்மேல் பழி போட்டார். மனைவி சாப்பிடக் கூப்பிட்டது மட்டும் காதில் ஏறவில்லை.

ஒரு மத்தியானம் ஊர் முழுக்கக் கரண்ட் போனது. ஆலை மூச்சுவிடாமல் கிடந்தது. சந்தேகப்படுவதற்கு ஒரு மோட்டார்கூட மிச்சமில்லை. விசில் மட்டும் ஜம்மென்று நடந்துகொண்டிருந்தது. இரண்டு காதையும் கையால் பொத்திப் பார்த்தார். அப்போதும் கேட்டது.

காது டாக்டர் சோதித்துவிட்டுத் தலையையும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பல வருஷ ஆலை இரைச்சலே கீச்சென்ற ஒலிகளைக் கேட்கும் திறனைத் தின்றுவிட்டதாம். வரவேண்டிய ஒலி வராமல் போனதால் மூளை தானாகவே ஒரு சத்தத்தை உண்டாக்கிக்கொள்கிறது போலிருக்கிறது என்றார். ஸ்கேன் படத்தில், மூளையில் ஒலியைக் கவனிக்கும் பகுதி கொஞ்சம் மெலிந்திருப்பதையும் காட்டினார்.

"இந்த விசில்தான் மூளைய அரிச்சிருச்சா?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. விசிலே இல்லாம காது மட்டும் மந்தமானவங்களுக்கும் இப்படி இருக்கும். வயசுக்கும் பங்கு உண்டு."

காதுக் கருவி போட்டால் பேச்சு தெளிவாகும், விசில் கொஞ்சம் அடங்கலாம், ஆனால் போய்விடும் என்று வாக்குத் தரமாட்டேன் என்றும் சொன்னார்.

திரும்பும் வழியில், கூட வந்திருந்த மனைவி மெதுவாகக் கேட்டாள்: "நான் கூப்பிட்டா மட்டும் விழாத காதுன்னு நெனச்சிட்டிருந்தேன். நெஜமாவே விழலையா?"

கருவி கைக்கு வந்த அன்று ராத்திரி அவர் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்து தீர்த்தார். மறைத்தால் நல்ல மிஷினைத் திரும்பவும் பிரித்து வேலையை இழப்பார். சொன்னால் பாம்புச்செவியார் என்ற பெயரே போய்விடும். காலையில் கருவியை மாட்டி, மைத்துனனையும் கூட்டிக்கொண்டு நேராக முதலாளியம்மா முன்னால் போய் நின்றார்.

"மிஷின்ல குத்தம் இல்லம்மா. என் காதுலதான். இனிமே இவன் கேக்கட்டும். பிரிக்கிறது, பூட்டுறது நான் பாத்துக்கிறேன்."

முதலாளியம்மா சிறிது யோசித்து, கை நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்.

மைத்துனன் ஸ்க்ரூடிரைவரை ஊன்றிக் கண்ணை மூடினான். பக்கத்தில் இவருக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. இந்தப் பக்கம் வந்தார், அந்தப் பக்கம் போனார், குனிந்து அவன் முகத்தைப் பார்த்தார்.

"என்னடா சொல்லுது?"

"கொஞ்சம் சும்மா இருங்க அத்தான். கேக்க விடுங்க."