அறுபடாத கயிறு

ஓர்ஸ் ஹில் கந்தோரில் என்னோடு வேலை செய்த படவரைஞர் அவர். மெலிந்த முகம், சுரங்கத்துக்குள்ளும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டு. ஞாயிறுகளில், துறைமுகக் குன்றில் வெள்ளைக்காரர் விட்டுப்போன சுரங்கங்களுக்கு கந்தோரில் வேலை பார்த்த எங்கள் சிலரைக் கூட்டிப்போவார். இடுக்குக்குள் ஊர்பவரின் இடுப்புக் கயிற்றைப் பின்னால் நிற்பவர் மணிக்கட்டில் கட்டிக்கொள்வது வழக்கம். அவர் கட்டினால், முடிச்சைப் போட்டதும் பல்லால் கடித்து இறுக்குவார்.

அன்று ஊர்வது என் முறை; பின்னால் அவர். எங்கள் வீட்டில் முதன்முதல் படித்து வேலைக்குப் போனவள் நான். பயமென்று சொல்ல மனம் வரவில்லை.

"கயித்தை விட்டிடமாட்டியளே?" என்று மட்டும் கேட்டேன்.

"என்ர கையிலயல்லோ கட்டியிருக்கிறன், பிள்ளை."

பாதி ஊர்ந்தபோது கூரை மண் சரிந்து என் கால்களை மூடியது. கயிற்றை இழுத்தேன். முழுவதும் என் கையோடு வந்தது. கால்களை அசைத்து அசைத்து உருவி, பின்னோக்கி ஊர்ந்து வெளியே வந்தேன்.

சுரங்க வாசலில் மற்றவர்களோடு நின்று அவர் சேட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஆள் கூப்பிடத்தான் வந்தனான்" என்றார்.

அவர்கள் திகைத்து அவரைப் பார்த்தார்கள். அவர்களிடம் அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

கயிறு அறுந்திருந்தால் மன்னித்திருப்பேன். அதன் முனையில் ஒரு தும்புகூடப் பிரியவில்லை. மண் விழும் அந்த இருட்டில், பல்லால் இறுக்கிய முடிச்சை எவ்வளவு பொறுமையாக அவிழ்த்திருப்பார் என்றுதான் இன்னும் யோசிக்கிறேன்.