எந்த பிளாக்?

வண்டலூர் பாலத்தைத் தாண்டும்போது மணி ஒன்றரை இருக்கும். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, சார்ஜர், என்னுடையவைதான் என்று சொல்லக்கூடிய நான்கு ஸ்பானர்கள். ஊரப்பாக்கத்துக் கொட்டகையை விட்டு வந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை, முதலாளி பாய் ஜும்மா தொழுகைக்குப் பள்ளிவாசல் போகிற நேரமாகப் பார்த்துக் கிளம்பியிருந்தேன். முகம் பார்த்துச் சொல்லிக்கொண்டு போகிற பழக்கம் எனக்கு இல்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஒரு இடத்தில் நான்கு மாதம் ஆனால் கால் தானாக நடக்கிறது, அதைத் தவிர என்னிடம் பதில் கிடையாது. ஒன்பதாம் வகுப்பையும் அப்படித்தான் பாதியில் விட்டேன்.

அன்றைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மூன்று மணிக்கு ட்ரையல், நாங்கள் தயார் செய்த காரை ஓட்டிப் பார்ப்பது. அதைப் பார்க்க எனக்குப் பயம்.

பாய் பழைய கார்களைப் பிரித்துச் சேர்ப்பவர். கொட்டகையில் அப்போது நின்றது ஐம்பது வருடப் பழைய அமெரிக்கக் கார். இரண்டே கதவு, ஆள் நீட்டிப் படுக்கிற அளவுக்கு பானெட், ஸ்டியரிங் இடது பக்கம். அதை டிராக் ரேஸுக்குத் தயார் செய்துகொண்டிருந்தோம். நேர்க்கோட்டில் கால் மைல், அதாவது நானூறு மீட்டர். அவ்வளவுதான் பந்தயம். பதினைந்து நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஓட்டப்போவது பாயின் மகள். இருபத்தைந்து வயது. வாரம் ஐந்து நாள் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை, மீதி இரண்டு நாள் எங்களோடு கிரீஸ். ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்காக வெள்ளியும் திங்களும் லீவு வேறு போட்டிருந்தாள்.

அந்தக் காருக்கு இரண்டு இன்ஜின்கள் இருந்தன. இரண்டுமே எட்டு சிலிண்டர். காரோடு வந்தது முந்நூற்றைம்பது கன அங்குலம். மற்றது நானூற்று ஐம்பத்து நான்கு, உடைத்துப் போட்ட ஒரு மோட்டார் படகிலிருந்து பாய் கழற்றி வந்தது. கொட்டகையில் அவற்றுக்குப் பெயர் சின்னது, பெரிசு. எதைப் போடுவது என்று அப்பாவும் மகளும் ஒரு மாதம் சண்டை போட்டார்கள்.

பாய் சின்னதின் பக்கம். காரின் மூக்கில் எடை குறைவு, கிளம்பும்போது பாரம் பின்னால் விழும், டயர் தரையைப் பிடிக்கும் என்பார். ஆனால் அதன் பலம் வெளியே வர நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றுக்கு மேல் முறுக்க வேண்டும், ஒவ்வொரு கியரிலும் அதைக் கத்தவிட வேண்டும். மகள் பெரிசின் பக்கம். அது மூவாயிரம் சுற்றிலேயே பலத்தை அள்ளிக் கொடுத்துவிடும், பச்சை விளக்கு எரிந்த நொடியே வண்டி பாய்ந்துவிடும் என்று லேப்டாப்பில் கோடு போட்டுக் காட்டினாள். பாய் அந்தக் கோட்டைப் பார்க்கவே இல்லை. எழுபது கிலோவைக் கூடுதலாக மூக்கில் மாட்டிக்கொண்டு பழைய டிரம் பிரேக்கை நம்பி எப்படி நிறுத்துவாய் என்று கேட்டார்.

"அத்தா, மொதல்ல கெளம்பறத பாப்போம். நிக்கறத அப்புறம் பாக்கலாம்."

"உங்கம்மாவும் இப்டிதான் ஸ்கூட்டர் கத்துகினா. எதிர்வூட்டு செவுருதான் பிரேக்கு."

நானும் சிரித்தேன். ஆனால் பாய்க்குப் பயம் இருந்தது. ஓடுகிற வேகத்தில் இன்ஜின் பிளந்து தண்ணீரோ ஆயிலோ பின் டயரில் அடித்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "அப்புறம் ஸ்டியரிங்கு கைல போட்ட வளையல்தான். திருப்பலாம், வண்டி திரும்பாது." அதற்குப் பிறகு அந்தப் பெண் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கும்போதெல்லாம் என் கண் அவள் மணிக்கட்டுக்குப் போகும்.

புதன்கிழமை சாயங்காலம் பாய் ஒரு கிளட்ச் பிளேட்டுக்காகக் குன்றத்தூர் கிளம்பினார். ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே சொன்னார்: "பிளாக்க பாத்து வை. மண்ணெண்ண டின்னு மேஜ மேல கீது."

கொட்டகையில் எனக்குத் தெரிந்த பிளாக் செயின் பிளாக்தான். இன்ஜினைத் தூக்குவதற்காகக் கூரை உத்தரத்தில் மாட்டியிருக்கும் சங்கிலிக் கப்பி. போன வாரம் அதன் சங்கிலி வழுக்கி, சின்ன இன்ஜின் ஒரு சாண் இறங்கி என் கால் கட்டைவிரலுக்கு மேல் தொங்கியது. மறுநாள் இரண்டில் ஒன்றைத் தூக்கிக் காரில் இறக்கியாக வேண்டும். அதனால்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். கப்பியை இறக்கி, சங்கிலியைக் கண்ணி கண்ணியாக மண்ணெண்ணெயில் கழுவி, ஆயில் விட்டு, சின்னதை மாட்டி ஒரு மணி நேரம் தொங்கவிட்டுப் பார்த்தேன். டின்னுக்குப் பக்கத்தில் பேப்பரில் மடித்து ஒரு சாக்பீஸ் இருந்தது. எதற்கு என்று தெரியவில்லை. ஜன்னலில் எடுத்து வைத்தேன்.

வியாழக்கிழமை காலையில் பாய் டின்னை ஆட்டிப் பார்த்தார். பாதி குறைந்திருந்தது.

"பிளாக்கு பாத்தியா?"

"பாத்துட்டேன் பாய்."

"கீறல் எதுனா?"

கப்பியின் கொக்கியை நினைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல, நல்லா கீது," என்றேன். உடனே பாய் மகளுக்குப் போன் போட்டுப் பெரிசையே போடலாம் என்றார். ஒரு கொக்கிக்கு இவ்வளவு சந்தோஷமா என்று நினைத்தேன். மத்தியானத்துக்குள் அதைத் தூக்கிக் காருக்குள் இறக்கிவிட்டோம். சங்கிலி வழுக்கவில்லை.

பெருங்களத்தூர் வந்தபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிப் புதிதாக எழும் அடுக்குமாடி வாசலில் ஒரு லாரி நின்றது, நிறைய பிளாக் என்று சொல்கிற சிமெண்ட் கல். சூப்பர்வைசர் லாரி டிரைவரிடம், பிளாக் பாத்தாச்சா என்று கேட்டார்.

"எந்த பிளாக் சார்? கல்லா, பில்டிங்கா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அது முடிவதற்குள் ஜன்னலில் நான் வைத்த சாக்பீஸ் ஞாபகம் வந்தது.

முன்பு கூடுவாஞ்சேரியில் ஒரு லாரிப் பட்டறையில் இருந்தேன். அங்கே ஒரு மெக்கானிக் இரும்பின் மேல் மண்ணெண்ணெய் பூசி, அரை மணி கழித்துத் துடைத்து, சாக்பீஸ் தூளைத் தேய்ப்பார். விரிசல் இருந்தால் அதற்குள் இறங்கிய மண்ணெண்ணெய் தூளில் ஊறி ஒரு கறுப்புக் கோடாக எழும். பாய் கேட்டது இன்ஜின் பிளாக். வருடக்கணக்கில் கடல் தண்ணீர் குடித்த அந்த இரும்பு. அதில் நான் விரல்கூட வைக்கவில்லை. மூன்று மணிக்கு அதன் பின்னால் அவள் உட்காரப் போகிறாள்.

பாய்க்குப் போன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். தொழுகைக்கு அணைத்தால் சாப்பிட்டு முடிக்கிறவரை திரும்பப் போட மறந்துவிடுவார். மகளின் நம்பர் என்னிடம் இல்லை. ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

முதலில் வந்தது சென்னை பீச் போகிற ரயில். ஏறினால் பத்து நிமிடத்தில் தாம்பரம், அதற்கப்புறம் எங்கே வேண்டுமானாலும் போகலாம், யாரும் தேட மாட்டார்கள். விரிசலே இல்லாமலும் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு காலைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்தேன் என்பதையும் எழுதியாக வேண்டும். பின்னால் நின்றவர் ஏறுப்பா இல்ல வழிய வுடுப்பா என்றார். காலை எடுத்துவிட்டேன். ஊரப்பாக்கம் வழியாகப் போகிற செங்கல்பட்டு வண்டி வந்தபோது இரண்டு நாற்பது.

ஊரப்பாக்கத்தில் இறங்கி ரோட்டைக் கடக்கும்போதே கேட்டது. சின்னதின் சத்தம் துணி கிழிகிற மாதிரி இருக்கும். இது அப்படி இல்லை. பாதாளத்தில் யாரோ பீரோவை நகர்த்துகிற சத்தம். கொட்டகைக்குப் பின்னால் மனை போட்டு, தார் ரோடும் போட்டு, இன்னும் யாரும் வீடு கட்டாத லேஅவுட் ஒன்று இருக்கிறது. ட்ரையல் அங்கேதான். நான் போனபோது கார் ரோட்டின் அந்தக் கோடியில் மூக்கை இந்தப் பக்கம் நீட்டி நின்றது. பானெட் அதிர்ந்தது. பாய் ஓரத்தில் மனைக்கல்லின் மேல் நின்று போனில் ஸ்டாப்வாட்ச் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாயிடம் போக நேரம் இல்லை என்று தோன்றியது. நடு ரோட்டில் போய் நின்று இரண்டு கையையும் தூக்கினேன். அந்த மூக்கு என்னைப் பார்த்தபடி உறுமியது. அவள் ஹெல்மெட்டுக்குள் என்ன சொன்னாள் என்று தெரியவில்லை, இன்ஜின் அணைந்தது.

பாய் ஓடிவந்து சட்டையைப் பிடித்தார். "இன்னாடா, சாவணுமா?"

"பிளாக்கு பாக்கல பாய்."

"பாத்தேன்னியே."

"செயின் பிளாக்கு பாத்தேன். இன்ஜின் பிளாக்கு பாக்கல."

அவர் கை சட்டையை விட்டது. மூவரும் காரைக் கொட்டகைக்குத் தள்ளினோம். இரும்பு ஆற ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு பாய் தானே கீழே படுத்து மண்ணெண்ணெய் பூசினார், துடைத்தார், ஜன்னலில் இருந்த சாக்பீஸை நசுக்கித் தேய்த்தார். இடது பக்கம், புகைக்குழாய்க்குக் கீழே, கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கோடு எழுந்தது. தலைமுடி ஒட்டிக்கொண்ட மாதிரி. பாய் அதை நகத்தால் தடவினார். மறுபடி தூள் போட்டார். மறுபடி எழுந்தது.

அவள் எட்டிப் பார்த்துவிட்டு ஹெல்மெட்டை மேஜையில் வைத்தாள். "நேத்தே சொல்லிருந்தா சின்னத போட்டிருப்போம்ணா. சண்டே ஓடிருக்கலாம். இனிமே மாத்தி ட்ரையல் பாக்க நேரமில்ல." சத்தம் போடவில்லை. திங்கட்கிழமை லீவைக் கேன்சல் செய்ய போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பெரிசில் கீறல் இருந்தால் சின்னதுதான் என்று அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் ஒரு பேச்சு இருந்ததும், பிளாக் பார்த்த பிறகே பெரிசு ஏறும் என்று பாய் நிபந்தனை போட்டதும் அப்போது பாய் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பேசி முடித்தது. ஒரு மாதச் சண்டையை என் ஒரு வார்த்தை முடித்து வைத்திருக்கிறது.

பாய் காருக்கு அடியிலிருந்து எழவில்லை. அங்கிருந்தபடியே கேட்டார்.

"எந்த பிளாக்குன்னு ஏன் கேக்கல?"

கேட்டால் தெரியாதவன் என்று தெரிந்துவிடும். போகிற இடமெல்லாம் தெரிந்தவன் மாதிரி நின்றுதான் வேலை வாங்கியிருக்கிறேன். அதைச் சொல்லாமல் மண்ணெண்ணெய் டின்னை எடுத்து மூடினேன். பாய் வெளியே வந்து கையைத் துடைத்தார்.

"இனிமே நீ பாத்தேன்னு சொன்னா நானும் ஒருதபா பாக்கணும்," என்றார். "அதுக்கு நானே பாத்துக்கறேன்." பிறகு என் பையைப் பார்த்தார். அது இன்னும் என் தோளில்தான் இருந்தது. "சாப்டியா?" என்றார். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

மறுநாள் காலை ஏழரைக்குப் பெருங்களத்தூரில் அதே வாசலில் போய் நின்றேன். கல் இறக்க ஆள் வேண்டியிருந்தது. சூப்பர்வைசர் என்னை ஏற இறங்கப் பார்த்து, வேலை தெரியுமா என்றார். சொன்னால் செய்வேன் என்றேன். உள்ளே கையைக் காட்டி, போய் பிளாக்கைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

"எந்த பிளாக் சார்?"

"பி பிளாக்குப்பா. நேத்து எறக்கின கல்லு. ஒடைஞ்சது தனியா வை."

"பில்டிங்கு பி, பாக்க வேண்டியது கல்லு. சரியா சார்?"

காலையிலேயே ஒரு பேஜார் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். நான் போய் முதல் கல்லை எடுத்து நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.