எத்தனை பேரில் எத்தனை பேர்

செருப்பை மாட்டிக்கொண்ட பிறகுதான் பமீலா நிஜமான கேள்வியைக் கேட்பாள். தோட்டத் தொழிலாளிகளின் லயத்து வீட்டுக்குள் உட்கார்ந்து பன்னிரண்டு பக்கக் கேள்விப் பாரத்தை நிரப்பி, கொடுத்த மைலோவைக் குடித்து, நன்றி சொல்லி, படியிறங்கி, ஒரு கையைச் சுவரில் ஊன்றியபடி, "அப்புறம் வேற ஒண்ணும் இல்லல்லா அக்கா?" என்பாள். உள்ளே இருபது நிமிடமாக 'நல்லாத்தான் இருக்கேன்' என்று சாதித்த பெண், அப்போதுதான் மூக்கில் ரத்தம் வருவதைப் பற்றிப் பேசத் தொடங்குவார். பமீலா செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே போவாள்.

வயது முப்பத்து நான்கு. மம்பாவில் வீடு. அரசாங்க கிளினிக்கில் தாதி. இரண்டு வருடப் படிப்பு விடுப்பில், கோலாலம்பூரில் நோய்ப்பரவலியலும் உயிரியல் புள்ளியியலும் முதுகலை படிக்கிறாள். அந்தப் பெயரைச் சொன்னால் லயத்தில் யாருக்கும் பிடிபடுவதில்லை. "யாருக்கு நோவு வருது, யாருக்கு வரல, ஏன்னு எண்ணிப் பாக்குற படிப்பு," என்று சொல்லிக்கொள்கிறாள். பழைய 'கஞ்சில்' ரகக் கார். பின் சீட்டு முழுக்கப் பாரங்கள். ஆள் உட்கார இடம் கிடையாது.

'நெறைய பேரு' என்ற சொல் அவள் காதில் விழக்கூடாது. பகாவ் பாசாரில் மீன்காரர் ஒருவர், "எங்க தாமான் வீடுகள்ல எல்லாருக்கும் டெங்கி லா," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். "எல்லாருன்னா எத்தன பேரு அங்கிள்? எத்தன பேருல எத்தன?" என்று பிடித்துக்கொண்டாள். அவர் கையிலிருந்த கெம்போங் மீனைப் பலகையில் போட்டுவிட்டு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். ஒரு சாவு வீட்டிலும் இப்படித்தான். "இந்த வரிசையில எல்லாருக்கும் கிட்னியே போவுதே," என்று அழுதவரிடம் இதையே கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள். "கேட்டது தப்புதான் சார்," என்று, அவளைப் பற்றி எழுதக் குறிப்பெடுத்துவரும் என்னிடம் ஒத்துக்கொண்டாள். "ஆனா ஏழு வீட்டுல மூணு. அது தெரிஞ்சிருச்சுல்லா."

அவளுடைய ஆய்வு இதுதான்: பகாவுக்கும் கோலா பிலாவுக்கும் இடையே எண்ணெய் தரும் செம்பனைத் தோட்டங்கள் ஆறு, இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள். களைக்கொல்லி மருந்து அடிப்பவர்களுக்கு நோய் அதிகமா, கீழே உதிர்ந்த பழம் பொறுக்குகிறவர்களுக்கு அதிகமா? எட்டு மாதம் அலைந்து போட்ட அட்டவணை என்ன சொன்னது தெரியுமா? மருந்து அடிப்பவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேருக்குத்தான் மூச்சு, தோல், சிறுநீரகத் தொல்லைகள். பழம் பொறுக்குகிறவர்களில் நூற்றுக்கு முப்பத்தொரு பேருக்கு. விஷத்தை முதுகில் சுமப்பவள் சுகமாக இருக்கிறாளாம், குனிந்து பழம் எடுப்பவள்தான் சீக்காளியாம்! பேராசிரியர் பாராட்டினார். தோட்ட ஆபீஸ் கிராணி திருச்செல்வம் எப்படியோ மோப்பம் பிடித்து போன் செய்தார். "நல்ல ரிப்போட்டும்மா. ஒரு காப்பி குடு. மருந்து அடிக்கிறவங்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்றத நிப்பாட்டிரலாம்னு மேனேஜர் சொல்றாரு. மருந்துல ஒண்ணும் இல்லன்னு நீயே எழுதிட்டியே லா."

பதில் சொன்ன பெண்களுக்கு நன்றி சொல்ல, பிஸ்கட் டின்னோடு அவள் மறுபடி லயத்துக்குப் போனாள். அங்கே பஞ்சாலை என்ற பெண்ணுக்கு ஐம்பத்து நான்கு வயது. பாரத்தில் 'பழம் பொறுக்குபவர்' என்று இருக்கிறது. ஆய்வின் முடிவைக் கேட்டதும் அவர் சிரித்துவிட்டார்.

"ஐயோ தங்கச்சி, நோவு வந்தவள மருந்துலயே வெச்சிருப்பானா? ரத்தத்துல கோளாறு காமிச்சா மறுநாளே பழத்துக்கு மாத்திருவான். நான் பத்தொம்பது வருசம் மருந்து அடிச்சவ. பழத்துக்கு வந்து ரெண்டே வருசந்தான்." சொல்லிவிட்டுக் கையை விரித்துக் காட்டினார். இரண்டு விரல்களில் நகமே இல்லை.

பமீலாவின் பாரத்தில் மூன்றாவது கேள்வி, 'இப்போது செய்யும் வேலை.' முன்பு செய்த வேலையை எழுத அதில் இடமே கிடையாது. மருந்தால் வந்த நோயெல்லாம் பழத்தின் தலையில் விழுந்திருக்கிறது. வெளிநாட்டுப் பாரத்தை அப்படியே தமிழாக்கி வைத்தவள் அவள்தான். "எங்கம்மா லில்லியும் மருந்து அடிச்சவங்கதான் சார். இருமல் வந்தோன்ன ஆயாக் கொட்டாய்க்கு மாத்துனாங்க. எனக்குத் தெரியாதா இது? இந்தப் பாரத்த வெச்சி எங்கம்மாவ எண்ணிருந்தா, புள்ள பாத்துக்கிட்டா நெஞ்சு கெட்டுப்போவும்னு எழுதியிருப்பேன்." காரோட்டிக்கொண்டே பமீலா இதை என்னிடம் சொல்லும்போது ஸ்டியரிங்கை உள்ளங்கையால் அறைந்தாள். கார் கொஞ்சம் ஆடியது.

அன்று முதல், பழம் பொறுக்கும் நூற்றுப் பதினாறு பேரையும் மறுபடி தேடிப் போகிறாள். அறுபத்து நாலு பேரைப் பார்த்தாயிற்று. அவர்களில் நாற்பத்தொரு பேர் முன்பு மருந்து அடித்தவர்கள். சீக்காளிகள் அநேகமாக எல்லாருமே அந்த நாற்பத்தொரு பேரில்தான் இருக்கிறார்கள். பேராசிரியரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் கெட்டிக்காரர், பாதி சொல்லும்போதே புரிந்துகொண்டார். எனக்கு ஆத்திரமே அதில்தான். புரியாத ஆள் என்றால் மன்னித்துத் தொலைக்கலாம். கடைசியில் 'ஆய்வின் குறைபாடுகள்' என்று ஒரு பகுதி வருமே, அதில் ஒரு வரி சேர்த்துத் திங்கட்கிழமை கொடுத்துவிடு என்றாராம். "நாப்பத்தோரு பேரையும் ஒரு வரியில படுக்க வைக்கணுமாம் சார்," என்றாள். அந்தக் கடைசிப் பக்கத்தைக் கிராணி புரட்டுவாரா? மேனேஜர் புரட்டுவாரா? முன்னால் இருக்கும் அட்டவணையைக் காட்டி ரத்தப் பரிசோதனையை நிறுத்துவார்கள். அடுத்து யாருக்குக் கோளாறு என்று பிறகு யாருக்கும் தெரியாது. படித்தவர்களே இதற்குத் துணை போகிறார்கள்.

சென்ற சனிக்கிழமை அவளோடு நானும் போனேன். காரில் என் மடியிலிருந்த அவளுடைய கோப்பில் மேலாக ஒரு தாள் கிடந்தது. ஆய்வைச் சமர்ப்பிக்கும் பாரம். பேராசிரியர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அதைத் திங்கட்கிழமை நான்கு மணிக்குள் கொடுத்தால் பட்டம். கொடுக்காவிட்டால் விடுப்பு முடிந்து கிளினிக்குக்குத் திரும்ப வேண்டும். வேலை முடித்து வந்து இன்னும் ஒரு வருடம் இதோடு மல்லுக்கட்ட வேண்டும். என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். "மொதல்ல வீட்டப் பாப்போம் சார்," என்றாள்.

அன்றைக்குக் கடைசி வீடு மோகனாவுடையது. வாசலிலேயே மறித்து நின்றார். "போன வாட்டியும்தான் பக்கம் பக்கமா எழுதிக்கிட்டுப் போனீங்க. என்னா ஆச்சி?"

"போன வாட்டி நான் தப்பா கேட்டுட்டேன் அக்கா. மன்னிச்சிருங்க. இப்ப சரியா கேக்குறேன்."

மோகனா வாசலை விட்டு விலகி, நாற்காலியை இழுத்துப் போட்டார். பமீலா கோப்பைத் திறந்தாள். முன்பு செய்த வேலையை எழுதக் கொண்டுவந்த தாள்களெல்லாம் தீர்ந்துபோயிருந்தன. நான் என் குறிப்புப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை. திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய, பேராசிரியர் கையெழுத்துப் போட்ட பாரத்தை எடுத்து, முழங்கால்மேல் கவிழ்த்துப் போட்டு, "மருந்துக்கு மொதமொதல்ல போனது எந்த வருசம் அக்கா?" என்று கேட்டு, அதன் முதுகில் எழுத ஆரம்பித்தாள்.