வறண்ட கண் அறை

விவேக் நகர் ஜூடித், பிரேசர் டவுன் கண்ணாடிக் கடையில் பத்து வருஷமாகக் கண் பரிசோதகர். 2003-ல் சேலத்திலிருந்து வைஷ்ணவி வேலைக்கு வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து ஜூடித்துக்கு வயிற்றெரிச்சல்தான். கம்ப்யூட்டரே கதியென்று கிடக்கும் பிள்ளைகள் கண் எரிகிறது என்று வந்தால், ஏசி முகத்தில் அடிக்கிறதா, இமைக்க மறந்துபோகிறீர்களா என்று வைஷ்ணவி உட்கார்ந்து ஊர்க்கதை கேட்பதுபோல் கேட்பாள். அவர்களும் சொக்கிப்போய் அடுத்த முறை அவளையே தேடினார்கள். முதலாளி சின்னப்பா வறண்ட கண்களுக்கென்று தனி அறை கட்டிக்கொண்டிருந்தார். அது தனக்கில்லை என்றால் இத்தனை வருஷம் உழைத்ததும் தண்டம் என்று ஜூடித் நினைத்தாள்.

வைஷ்ணவி வராத ஒரு நாள், வறண்ட கண் என்று அவளிடம் சொட்டு மருந்து வாங்கும் வீணா கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது என்று வந்தாள். ஜூடித்துக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றது. முதலில் கண்ணில் சாயம் போட்டு, நீர்ப்படலம் கலையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பொறுமை ஏது? கண்ணீர் அளக்கும் காகிதப் பட்டையை நேராகக் கீழிமையில் சொருகினாள். பட்டை தொப்பலாக நனைந்தது. அதைத் தூக்கிக்கொண்டு சின்னப்பாவிடமே போனாள்.

"இதுவா சார் வறண்ட கண்ணு? அந்தப் பொண்ணு வாய்க்கு வந்தத சொல்லி மருந்து குடுத்திருக்குது."

சொட்டு மருந்தை நிறுத்தச் சொல்லி வீணாவை அனுப்பிவிட்டாள்.

அந்த வாரமே வீணா செக்கச் சிவந்த கண்களோடு திரும்பினாள். வைஷ்ணவி சாயம் வைத்து, நீல வெளிச்சத்தில் பார்க்க ஜூடித்தைக் கூப்பிட்டாள். பச்சையாகப் பரவிய நீர்ப்படலம் நிற்கவேயில்லை. உடனே கறுப்புத் திட்டுகளாகப் பிய்ந்துபோனது. வறட்சியின் எரிச்சலில்தான் கண் தண்ணீரைக் கொட்டியிருக்கிறது, காகிதம் உறுத்தியதில் இன்னும் கொட்டியிருக்கிறது. முதல் வருஷத்திலேயே படித்த பாடம். பொறாமை கண்ணை மறைத்துவிட்டது.

சின்னப்பா வந்து நின்றார். ஜூடித் வாய் திறப்பதற்குள் வைஷ்ணவி முந்திக்கொண்டாள்.

"சாயம் போட்டுப் பாத்தத அக்காகிட்ட சொல்லாம போயிட்டேன் சார். தப்பு என்னுது."

அவள் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். ஜூடித்தான் காதில் வாங்கவில்லை. சின்னப்பா வைஷ்ணவியைக் கடிந்துகொண்டார். அறையை ஜூடித்துக்கே கொடுத்தார். கெட்டிக்காரியாக இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே என்று ஜூடித்துக்கு முன்னைவிட அதிகமாகப் பற்றிக்கொண்டு வந்தது.

புது அறையில் முதல் நாள், வீணா கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, வைஷ்ணவி மேடம் இருக்கிறாரா என்று கேட்டாள். வைஷ்ணவி பக்கத்து அறையில்தான் இருந்தாள்.

"ஊருக்குப் போயிட்டாங்கம்மா, உக்காருங்க," என்று ஜூடித் கதவைச் சாத்தினாள்.