இடம் மாறிய இரண்டு தேதிகள்

விழுப்புரத்தில் நெல் அறுக்கும் மெஷின்களை முன்பதிவு செய்து தரும் ஒரு சிறிய நிறுவனத்தில் மென்பொருள் எழுதும் வேலை எனக்கு. என்னோடு இன்னொரு புரோகிராமர், சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். விவசாயிகளிடம் போனில் பேசிப் பதிவு செய்பவர், திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஓர் அக்கா.

பதிவைத் திருத்த நான் ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு சிறு நிரல்துண்டு, எழுதியிருந்தேன். அதற்கு ஒன்பது விவரங்களை வரிசை மாறாமல் கொடுக்க வேண்டும். பெயர், போன் எண், ஊர், ஏக்கர் என்று போய், பழைய தேதியும் புதிய தேதியும் அடுத்தடுத்து வரும்.

"அண்ணா, ஒன்பதையும் ஒரே ஆப்ஜெக்ட்டுல போட்டு அனுப்பிடலாமே? எது எதுன்னு பேரோட இருக்கும். இப்படி வரிசையா அனுப்புனா, ரெண்டு தேதியும் இடம் மாறிப்போனாகூட கம்ப்யூட்டருக்குத் தெரியாதுண்ணா" என்றாள் அந்தப் பெண்.

"நமக்குத் தெரியும்ல? அறுப்பு சீசன் வந்துக்கினு இருக்கு, ஜல்தியா முடிம்மா."

அவள் சொன்னது சரி என்று அப்போதே எனக்குத் தெரியும். அதை அவள் சொன்னதுதான் பிடிக்கவில்லை.

தேதி மாற்றுவதற்கான புதிய திரையை வெளியிட்டோம். முதலில் அழைத்தவர் கெடாரைச் சேர்ந்த ஓர் அம்மா. மழை வரும் என்கிறார்கள், மூன்று நாள் முன்னதாகவே மெஷின் வேண்டும் என்றார். அக்கா பதிந்தார். 'மாற்றப்பட்டது' என்று திரையும் காட்டியது. ஆனால் சொன்ன நாளில் மெஷின் போகவில்லை. மறுநாள் மழையில் பயிர் சாய்ந்தது.

நான்கு நாள் கழித்து, முளைவிட்ட கதிர்களைக் கையில் பிடித்தபடி அந்த அம்மா அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "மெஷின் வரும்னு வரப்புலயே குந்திக்கினு இருந்தேன். மழதான் வந்துச்சு."

முதலாளி என்னைப் பார்த்தார். எதையும் திறந்து பார்க்காமலே சொன்னேன்: "சிஸ்டம்ல ஒண்ணும் இல்ல சார். டைப் பண்றப்ப மாத்திப் போட்டிருப்பாங்க."

"ரெண்டு வாட்டி படிச்சுக் காட்டுனேனே சார்" என்றார் அக்கா. யாரும் காதில் வாங்கவில்லை.

அன்று மதியம் நான் எழுதிய நிரலைத் திறந்தேன். ஒரே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. புதிய திரையில் இரண்டு தேதிகளையும் இடம் மாற்றி அனுப்பியிருந்தது நான்தான்; அதனால் பதிவு பழைய தேதியிலேயே நின்றுவிட்டது. ஒன்பது விவரங்களையும் ஓர் ஆப்ஜெக்ட்டில் சேர்த்துத் திருத்தினேன். என்ன திருத்தம் என்று குறிக்கும் இடத்தில் 'சிறு ஒழுங்குபடுத்தல்' என்று மட்டும் எழுதினேன்.

திருத்தத்தைச் சரிபார்க்க வேண்டியவள் அந்தப் பெண். "இது கெடார் அம்மாவோடதாண்ணா?" என்று மெல்லக் கேட்டாள். தலையாட்டினேன். "அக்காகிட்ட சொல்லிடுங்கண்ணா."

சொல்கிறேன் என்றேன். ஒரு வாரம் சொல்லவில்லை. அக்கா தினமும் என் மேசையைக் கடந்துபோய்ச் சாப்பாட்டுப் பையை வைப்பார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். திங்கட்கிழமை அவர் வரவில்லை. வேலையை விட்டுவிட்டாராம்.

அப்போதுதான் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். "முடிஞ்சிபோச்சு, விடுப்பா" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போனேன். அக்கா ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பாதி மடித்த புடவையோடு அப்படியே நின்றார்.

"நாந்தான் தப்பா போட்டுட்டேன்னே நெனச்சிக்கினு இருந்தேன் சார். இங்க ஜாக்கெட் துணி வெட்டறப்பகூட மூணு வாட்டி அளக்கறேன்." அவர் குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. "அந்த அம்மாகிட்டயும் சொல்லிடுங்க."

பஸ் ஸ்டாண்டில் நின்றபடி கெடாருக்கு போன் செய்தேன். அந்த அம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"அன்னிக்கு ஆபீஸ்ல, போன்ல பதிஞ்ச அந்தப் பொண்ண வாய்க்கு வந்தபடி திட்டிட்டேனே சார். அழுதுக்கினே நின்னுச்சு. அது நம்பரு குடுங்க."

அக்காவிடம் போனில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மறுபடி கெடாருக்கு அழைத்து எண்ணைச் சொன்னேன். அந்த அம்மா ஒவ்வோர் இலக்கமாகத் திருப்பிச் சொல்லச் சொல்ல, "சரிதாம்மா, சரிதாம்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.