துளசிக்கு எண்ணெய் தேச்சவன்

அப்பா ரங்கூன்ல கிளார்க். யுத்தம் அங்க போனதும் லெட்டர் நின்னுடுத்து. அம்மா தினம் காலம்பற முற்றத்துத் துளசிக்குத் தண்ணி விட்டுட்டு வாசல்ல வந்து நிப்பா. தபால்காரர் சைக்கிள்ல இருந்து எறங்காமலே, "கத்தில்ல அம்மே"ன்னு, லெட்டர் இல்லைங்கறத மலையாளத்துல சொல்லிட்டுப் போயிடுவார்.

"துளசி பச்சையா இருக்கோல்லியோ, அவருக்கு ஒண்ணும் ஆகாது"ம்பா அம்மா. எனக்குச் சிரிப்பா வரும்.

மீன மாச வெயில்ல கிணறு அடிச்சேறு வரைக்கும் வத்திடுத்து. அம்மா அரைக்குடத்துல குளிச்சுட்டு மீதிய துளசிக்கு விட்டா. அப்படியும் எல்லா இலையும் தொங்கிடுத்து. அம்மா சாப்பாட்டைக் குறைச்சுட்டா.

அந்த வாரம் காலேஜ் பிராக்டிகல்ல இலையோட அடித்தோல உரிச்சு மைக்ராஸ்கோப்ல வச்சோம். ஸ்டொமேட்டா. ரெண்டு அவரை விதைய எதிரெதிரா ஒட்டினாப்ல, நடுவுல ஒரு வாய். இலை குடிக்கற தண்ணில முக்காவாசி அது வழியா ஆவியாப் போயிடும். வாசலின் தடவின இலைல தண்ணி போறது நின்னுடுத்து, என் கண்ணால பாத்தேன். அவ்வளவுதானே விஷயம்னு ஆத்துக்கு ஓடி வந்தேன். வாசலின் இல்ல, தேங்காண்ணெய் இருந்தது. ஒவ்வொரு இலையா ரெண்டு பக்கமும் தடவினேன்.

அம்மா பாத்துட்டா. "சனிக்கிழமை ஒன் தலைக்கு எண்ணெய் வைக்கக் கெஞ்சணும், துளசிக்கு மட்டும் தேச்சுவிடறியாக்கும்?"

"தண்ணி வெளிய போற வாயை அடைச்சுட்டேன். இனிமே வாடாது, பாரு."

"நெஜமாவா?"

"படிச்சவன் சொல்றேன்."

ரெண்டு நாள் இலையெல்லாம் பளபளன்னு மின்னித்து. அம்மா ஒரு வேளை கூடுதலா சாப்பிட்டா. "உங்கப்பா வந்ததும் சொல்றேன், பிள்ளை சாமர்த்தியத்த"ன்னா. மூணாம் நாள் ஓரமெல்லாம் கறுத்துது. எண்ணெய வழிச்சுப் பாத்தேன், தோலும் கூட வந்துடுத்து. வாரம் முடியறதுக்குள்ள வெறும் குச்சி.

தண்ணி போற அதே வாய் வழியாத்தான் காத்தும் உள்ள போகணும். மூச்சு, சாப்பாடு எல்லாத்துக்கும் அந்த ஒரே வாசல்தான். இத நான் பரீட்சைல எழுதி மார்க்கும் வாங்கியிருக்கேன். எண்ணெய்க் கிண்ணத்த எடுத்தப்போ மட்டும் ஞாபகம் வரல.

அம்மா திட்டல. திட்டியிருந்தா தேவல. வேற கன்னு கொண்டுவந்து நட்டேன், அதுக்கு அவ தண்ணி விடல.

தபால்காரர் இப்ப நம்ம வாசல்ல எறங்கறார். உள்ள எட்டிப் பாத்து, "அம்மையைக் கண்டில்லல்லோ"ன்னு கேக்கறார். அம்மா அடுக்களைல இருக்கான்னு நான் சொல்றேன். கத்து இல்லைன்னு அவர் சொல்றதில்ல. நானும் கேக்கறதில்ல.